அலுமாரியில் கிடக்கும் பழைய கேம்களை ஒன்லைன் ஏலத்தில் விற்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில், பழைய பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் பின்னால், ஒரு சப்பாத்துப் பெட்டி கிடக்கும். திறந்தால் நாலைந்து கேம் சீடி, வயர் சுற்றிய கொன்ட்ரோலர், கையில் வைத்து விளையாடும் 'கேம் போய்'க்குரிய, லேபிள் மங்கிய காட்ரிஜ் ஒன்று. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்த பிறகு வெளிநாட்டு உறவுகள் வரத் தொடங்கியபோது, பயணப் பெட்டியில் சொக்லேட்டோடும் சென்ட் போத்தலோடும் சேர்ந்து வந்தவை இவை. எங்கள் வீட்டுக்குப் பிரான்சிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 2 அப்படித்தான் வந்தது. 2006 ஓகஸ்டில் பாதை மூடியது. நாங்கள் வளர்ந்துவிட்டோம், பெட்டி அங்கேயே இருந்தது.

அந்தப் பெட்டியில் கிடப்பதை வாங்க இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் அவுஸ்திரேலியாவிலும் ஆட்கள் இருக்கிறார்கள். சில கேம்கள் வெளிவந்த நாளில் விற்ற விலையை விடக் கூடப் போகும், பெரும்பாலானவை ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுக்குத்தான் போகும். எது எந்த வகை என்று கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்ததை உள்ளபடி சொல்லி விற்பதும்தான் வேலை. முதல்முறை விற்கப்போகிறவர்களுக்காக, நான் பழகிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

அசலையும் பிரதியையும் பிரியுங்கள்

நம் ஊரில் இதுதான் முதல் வேலை, பெரிய வேலையும்கூட. வெளிநாட்டிலிருந்து வந்த அசல் சீடி ஐந்து என்றால், பிறகு கடையில் வாங்கிய பிரதி ஐம்பது இருக்கும். அக்காலத்தில் வந்த கன்சோல்களில், அதாவது கேமை ஓட்டும் பெட்டிகளில், பெரும்பாலானவற்றுக்கு இங்கே 'சிப்' போட்டோம். சிப் போட்ட கன்சோல் அசலையும் ஓட்டும், பிரதியையும் ஓட்டும். அதனால் 'என் வீட்டில் வடிவாக ஓடுகிறது' என்பது அசல் என்பதற்குச் சாட்சி ஆகாது.

சீடியைத் திருப்பிப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 1 கேம் என்றால் அசலின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கருஞ்சிவப்புத் தெரியும். பிளேஸ்டேஷன் 2 கேம்களில் இரண்டு வகை உண்டு: சீடியில் வந்தவற்றின் அடி நீலம், டிவிடியில் வந்தவற்றின் அடி வெள்ளி. ஊதா அல்லது பச்சை சாயம் தெரிந்தால் அது வீட்டிலோ கடையிலோ 'ரைட்' பண்ணியது. வெள்ளியாக இருந்தாலும் உடனே நம்பவேண்டாம், அச்சடித்த பிரதிகளும் இருக்கின்றன. சீடியின் நடு ஓட்டையைச் சுற்றியுள்ள கண்ணாடி வளையத்தைப் போன் கமராவால் கிட்டப் பாருங்கள். அசலில் ஐஎஃப்பிஐ என்ற நாலு ஆங்கில எழுத்தும் அதன் பின்னால் ஒரு குறியீடும் மிகச் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். லேபிள் அச்சு மங்கலாக, எழுத்து விளிம்பு பிசிறடித்து இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கேம் போய் அட்வான்ஸ் காட்ரிஜ்களில் போலி மிக அதிகம், அதுவும் போக்கிமொன் கேம்களில். அசல் காட்ரிஜின் முன் லேபிளில், மையில்லாமல் அழுத்திய இரண்டு இலக்க எண் ஒன்று இருக்கும். லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் கண்ணில் படும். கீழே வாய்ப்பக்கம் பார்த்தால், தங்க நிறப் பற்களுக்கு மேலே பலகையில் நிண்டெண்டோ என்ற பெயர் அச்சாகியிருக்கும். போக்கிமொன் எமரால்ட் என்றால் இன்னொரு சோதனை உண்டு. அதற்குள் கடிகாரத்துக்கென ஒரு பொத்தான் பற்றரி இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால், கேமைத் தொடங்கும்போது 'உள் பற்றரி தீர்ந்துவிட்டது, கேமை விளையாடலாம், ஆனால் நேரத்தோடு சேர்ந்த நிகழ்வுகள் நடக்காது' என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். இத்தனை வருடம் பழசான காட்ரிஜில் அந்தச் செய்தி வந்தால் பயப்படவேண்டாம். அது நல்ல அறிகுறி, வாங்குபவருக்கும் அது தெரியும். விவரத்தில் எழுதிவிடுங்கள்.

பிரதி என்று தெரிந்தால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். 'பிரதி' என்று வெளிப்படையாகச் சொல்லிக்கூட விற்கக்கூடாது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின் கீழ் அது குற்றம். ஏலத் தளமும் பொருளை நீக்கிவிட்டுக் கணக்கை முடக்கும். '99 கேம் ஒன்றில்' என்று ரீவி கேம் காட்ரிஜ்கள் வைத்திருப்போம், அவையும் இந்தக் கணக்கில்தான் சேரும். மனதுக்கு நெருக்கமான பொருள்தான், வீட்டிலேயே இருக்கட்டும்.

எந்த நாட்டிலிருந்து வந்தது?

யாழ்ப்பாணத்துப் பெட்டிகளில் இருப்பவை ஒரே நாட்டுச் சரக்கு அல்ல. ஒரு மாமா கனடாவில், ஒரு பெரியம்மா ஜேர்மனியில், சித்தப்பா பாரிசில் என்றால் கேமும் அப்படியே மூன்று நாட்டுப் பதிப்பாக இருக்கும். வாங்குபவருக்கு இது முக்கியமான விஷயம். பிளேஸ்டேஷன் 2 உட்பட அந்தக்கால கன்சோல்கள் பலவும் தன் பிராந்தியத்துக் கேமைத்தான் ஓட்டும்.

பெட்டியின் முதுகிலும் சீடியிலும் ஒரு குறியீடு இருக்கும். எஸ்எல்இஎஸ் அல்லது எஸ்சிஇஎஸ் என்று தொடங்கினால் ஐரோப்பாவும் அவுஸ்திரேலியாவும் பாவித்த 'பால்' என்ற ரீவி முறைக்கான பதிப்பு. எஸ்எல்யூஎஸ், எஸ்சியூஎஸ் என்றால் வட அமெரிக்காவின் என்டிஎஸ்சி பதிப்பு, கனடாவிலிருந்து வந்தது பெரும்பாலும் இதுவாக இருக்கும். எஸ்எல்பிஎஸ், எஸ்எல்பிஎம் என்றால் ஜப்பான். வயது முத்திரையும் நாட்டைச் சொல்லும். ஜேர்மனியில் விற்றதில் யூஎஸ்கே, ஐரோப்பாவில் 2003இலிருந்து பெகி, வட அமெரிக்காவில் ஈஎஸ்ஆர்பி என்ற முத்திரைகளைப் பார்க்கலாம். பிளேஸ்டேஷன் 4, ஸ்விட்ச் கேம்களுக்குப் பிராந்தியப் பூட்டு இல்லை. கேம் போய் காட்ரிஜ்களுக்கும் இல்லை. 3டிஎஸ் காட்ரிஜ்களுக்கு உண்டு.

பிராந்தியம் பார்த்தாயிற்று என்று மொழியை விட்டுவிடாதீர்கள். இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். என் முதல் விற்பனை சித்தப்பா கொண்டுவந்த ஒரு சாகசக் கேம். 'பால் பதிப்பு, பெட்டியும் கையேடும் உண்டு, நன்றாக ஓடுகிறது' என்று எழுதினேன், எல்லாம் உண்மை. இங்கிலாந்தில் ஒருவர் வாங்கினார். சீடியைப் போட்டால் மெனுவிலிருந்து கதை வரை எல்லாமே பிரெஞ்சு. நாங்கள் சின்ன வயதில் மொழி விளங்காமலே அம்புக்குறியைப் பார்த்து விளையாடி முடித்த கேம் அது, அதனால் மொழி என்ற ஒன்று எனக்கு நினைவிலேயே வரவில்லை. அவர் கோபப்படவில்லை, திருப்பி அனுப்பக் கேட்டார். விவரத்துக்குப் பொருந்தாத பொருள் என்றால் திருப்பி அனுப்பும் செலவும் விற்றவரின் தலையில்தான். போகவர இரண்டு தபால் செலவும் என் கையால் போனது. அன்றிலிருந்து கேமைப் போட்டு, மொழித் தெரிவுப் பக்கத்தையே படம் எடுத்துப் போடுகிறேன். அதே கேமை 'பிரெஞ்சுப் பதிப்பு' என்று எழுதி மறுபடி ஏலத்தில் போட்டபோது பிரான்சிலேயே ஒருவர் எடுத்தார்.

ஜேர்மன் பதிப்பில் இன்னொரு சங்கதி. வன்முறை உள்ள சில கேம்களில் அந்த நாட்டுக்கென்று இரத்தத்தையும் சில காட்சிகளையும் வெட்டியிருப்பார்கள். சேகரிப்பவர்கள் இதைக் கேட்பார்கள். யூஎஸ்கே முத்திரையைத் தெளிவாகப் படத்தில் காட்டிவிட்டால் அவர்களே முடிவு செய்வார்கள்.

துடைப்பதும் சோதிப்பதும்

நம் ஊரின் உப்புக்காற்றும் மாரிகால ஈரமும் சீடிக்கும் கடதாசிக்கும் ஆகாது. கையேட்டில் பூச்சி அரித்த ஓட்டை, கவரில் கறையான் தின்ற விளிம்பு, சீடியில் வெள்ளைப் பூஞ்சணம், இவை மூன்றையும் தேடிப் பாருங்கள்.

சீடியை மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். சுற்றித் துடைக்கக்கூடாது. சீடியில் தகவல் சுருள்பாதையாக ஓடுகிறது, அதே திசையில் ஒரு கீறல் விழுந்தால் தொடர்ந்து பல இடங்களை மறைத்துவிடும். குறுக்கே விழும் கீறலைக் கன்சோல் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். பற்பசை தேய்க்கும் வைத்தியத்தை விட்டுவிடுங்கள். லேபிள் பக்கத்தையும் பாருங்கள், சாதாரண சீடியில் தகவல் படை லேபிளுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசி முனை அளவு ஓட்டைகளாக ஒளி தெரியும். அப்படித் தெரிந்த இடத்தில் தகவல் போய்விட்டது, எந்தத் துடைப்பும் அதைத் திருப்பித் தராது. காட்ரிஜின் பற்களுக்கு பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் சிறிது தொட்டுத் துடைத்தால் போதும். ஊதுவதை விடுங்கள், எச்சிலின் ஈரம் பற்களை அரிக்கும்.

அப்புறம் ஓட்டிப் பாருங்கள். மெனு வந்துவிட்டது என்று நிறுத்தவேண்டாம். பதினைந்து, இருபது நிமிடமாவது விளையாடுங்கள், ஒரு சேவ் போட்டு, நிறுத்தி, திரும்பத் திறந்து பாருங்கள். கன்சோல் கையில் இல்லாவிட்டால் 'சோதிக்கவில்லை' என்று எழுதுங்கள். விலை குறையும்தான், ஆனால் பொய்யான 'ஓடுகிறது' கொண்டுவரும் சிக்கலை விட அது மலிவு.

எதை ஏலத்தில் போடுவது?

பிளேஸ்டேஷன் 2 உலகம் முழுக்க 15 கோடிக்கும் மேல் விற்ற கன்சோல். வருடாவருடம் வந்த உதைபந்தாட்டக் கேம்களை எல்லோரும் வாங்கினார்கள், இன்றும் எல்லோரிடமும் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியே ஏலத்தில் போடுவது நேரத்தை வீணாக்கும் வேலை. குறைவாக அச்சான கதைக் கேம்கள், திகில் கேம்கள், ஆர்பிஜி எனப்படும், ஒரு பாத்திரத்தை வளர்த்துச் செல்லும் ஜப்பானியக் கேம்கள், போக்கிமொன் போன்றவைதான் ஏலத்துக்கு ஏற்றவை. அங்கே இரண்டு பேருக்கு ஒரே பொருள் வேண்டும் என்ற நிலை வரும். ஏலம் ஏறுவதற்கு வேண்டியது அந்த இரண்டாவது ஆள்தான்.

விலை பார்ப்பதற்கு ஈபே என்ற ஏலத் தளத்தில் கேமின் பெயரைத் தேடி, விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போடுங்கள். கடந்த 90 நாட்களில் உண்மையிலேயே போன விலை வரும். இப்போது விற்பனைக்கு இருப்பவற்றின் விலையைப் பார்த்து மயங்கவேண்டாம், அது விற்பவரின் ஆசை மட்டும். பிரைஸ்சார்ட்டிங் என்ற தளமும் விற்ற விலைகளைத் திரட்டி வெறும் சீடி, பெட்டி கையேட்டோடு முழுமை, புதியது என்று பிரித்துக் காட்டும். 'வெறும் சீடி' வரிசையில் உள்ள விலைக்கும் 'முழுமை' விலைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால், லாச்சி லாச்சியாகத் தேடிக் கையேட்டைக் கண்டுபிடிக்க மனம் வரும். தேடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு கையேடு அம்மாவின் சமையல் குறிப்புக் கொப்பிக்குள் இருந்தது.

பிளேஸ்டேஷன் 4, 5 கேம்களுக்கு வெளிநாடு தேவையில்லை, இங்கேயே வாங்க ஆள் இருக்கிறது. ஐக்மனில் விலை போட்டு விளம்பரம் கொடுக்கலாம். முகநூல் குழுமங்களில் கொமென்டில் ஏலம் கேட்கவும் விடலாம். அப்படி விடுவதென்றால் பதிவிலேயே ஆரம்ப விலை, ஒவ்வொரு முறை கேட்கும்போதும் குறைந்தது எவ்வளவு ஏற்றவேண்டும், எத்தனை மணிக்கு முடிவு, காசு எத்தனை நாளுக்குள் வரவேண்டும் என்பதை எழுதிவிடுங்கள். கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் கனபேர். காசு வங்கிக்கு வந்தபின் பொதியை அனுப்புங்கள், அல்லது திருநெல்வேலிச் சந்தியிலோ நல்லூரடியிலோ நேரில் சந்தித்துக் கைக்குக் கை மாற்றுங்கள். பழகுவதற்கு இது நல்ல இடம். முதல் இரண்டு மூன்று விற்பனையை இங்கே செய்துவிட்டு வெளிநாட்டுக்குப் போகலாம்.

ஏலம் எப்படி ஓடுகிறது

பாசையூரிலோ குருநகரிலோ மீன் கூறுவதைப் பார்த்தவருக்கு ஏலத்தின் அடிப்படையைச் சொல்லித்தரத் தேவையில்லை. கூறுபவர் ஒரு விலையில் தொடங்குவார், ஆட்கள் ஏற்றுவார்கள், சத்தம் ஓய்ந்ததும் மீன் கடைசியாகக் கேட்டவருக்கு. ஒன்லைன் ஏலத்தில் இரண்டு வித்தியாசம்.

ஒன்று, ஈபேயில் ஏலம் சத்தம் ஓய்ந்ததும் முடிவதில்லை, மணிக்கூடு சொல்லும்போதுதான் முடியும். அதனால் தெரிந்தவர்கள் கடைசி சில வினாடிகளில்தான் கேட்பார்கள். ஆறு நாள் ஒரே விலையில் கிடந்த பொருள் கடைசி நிமிடத்தில் இரண்டு மடங்காகும். மூன்றாம் நாள் பதற்றப்பட்டு ஏலத்தை நிறுத்திவிடாதீர்கள்.

மற்றது, கேட்பவர் தன் உச்ச விலையை இரகசியமாகப் போட்டு வைக்கலாம். தளமே அவர் சார்பில், தேவையான அளவு மட்டும் ஏற்றிக் கேட்கும். ஒருவர் 40 பவுண் வரை, இன்னொருவர் 25 பவுண் வரை என்று போட்டால் விலை 40இல் நிற்காது. 25க்கு ஒரு படி மேலே, 26இல் நிற்கும். இதனால்தான் 'ஒரே ஒரு ஆள் எவ்வளவு ஆசைப்பட்டாலும்' விலை ஏறுவதில்லை. சரி, மச்சானை விட்டு ஏலத்தில் ஒரு விலை கேட்கச் சொல்லலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். அது தளத்தின் விதிப்படி மோசடி, உண்மையான வாங்குபவரிடமிருந்து எடுக்கிற களவும்கூட.

ஆரம்ப விலையை 99 சதத்தில் வைத்தால் பார்ப்பவர் கூடுவார்கள். ஆனால் புதிய கணக்கு, ஒரே ஒருவர் கேட்டார் என்றால் 99 சதத்துக்கே கொடுக்கவேண்டி வரும். 'இந்த விலைக்குப் போனாலும் மனம் நோகாது' என்ற தொகையிலேயே தொடங்குங்கள் என்பது என் யோசனை.

முடிகிற நேரத்தைக் கவனியுங்கள், தொடங்கிய அதே மணிக்குத்தான் முடியும். இங்கிலாந்தில் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். அது கோடைகாலத்தில் நமக்குத் திங்கள் அதிகாலை 12.30, குளிர்காலத்தில் 1.30. பத்து நாள் ஏலம் அப்படி முடியவேண்டுமென்றால் வியாழன் நள்ளிரவு கழிந்து அதே மணிக்குத் தொடங்கவேண்டும். நேரத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி இருக்கிறது, நித்திரை முழிக்கத் தேவையில்லை. கனடாக்காரரை எதிர்பார்த்துப் போடும் என்டிஎஸ்சி கேம் என்றால் ரொறன்ரோவின் இரவு எட்டு மணி நமக்கு அடுத்த நாள் காலை 5.30, குளிர்காலத்தில் 6.30.

கணக்கும் காசும்

கணக்குத் திறக்கும்போது நம்மவர்களுக்கு வரும் தலையிடி பெயர். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முழுதாக முன்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் அது ஓரெழுத்து முதலெழுத்தாக இருக்கும். ஓரிடத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு 'எச்' கூட இருக்கும். அடையாளம் சரிபார்க்கும் இயந்திரத்துக்கு இவை இரண்டு வேறு ஆட்கள். முதலில் கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை, வங்கி, ஏலக் கணக்கு மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்குங்கள். வங்கியில் கேட்டால் முழுப் பெயரைப் பதிந்து தருவார்கள்.

இலங்கையிலிருந்து விற்பவர்கள் ஈபே காசைப் பயோனியர் என்ற இணையப் பணச் சேவையின் கணக்கு வழியாக எடுத்து உள்ளூர் வங்கிக்கு மாற்றுவது வழக்கம். பேபாலை நம்பித் திட்டம் போடவேண்டாம், பல வருடங்களாக இலங்கைக் கணக்குகளிலிருந்து காசு அனுப்பத்தான் முடிந்தது, பெற முடியவில்லை. புதிய விற்பனையாளருக்கு மாதத்துக்கு இத்தனை பொருள்தான் என்ற எல்லை இருக்கும். விற்ற காசும் தொடக்கத்தில் சில நாட்கள், சில வேளை சில வாரங்கள் தடுத்து வைக்கப்பட்டே வரும். அவசரச் செலவுக்கு இந்தக் காசை எண்ணி வைக்காதீர்கள்.

தளத்தின் கட்டணம் தபால் செலவையும் சேர்த்த மொத்தத் தொகையில் ஏறத்தாழ 13 வீதம் போகும். 30 பவுணுக்கு விற்று, 8 பவுண் தபால் என்றால் 38இல் 13 வீதம், கிட்டத்தட்ட 5 பவுண். தபாலுக்கு 8 போக, மிச்சம் 25. அதிலிருந்து பொதி கட்டும் செலவும் நாணயம் மாற்றும் செலவும் கழியும். இந்தக் கணக்கை ஏலம் போடுவதற்கு முன் ஒரு கடதாசியில் எழுதிப் பாருங்கள்.

வந்த வழியே திரும்பிப் போகட்டும்

இதைத்தான் எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெளிநாட்டிலிருந்து உறவுகள் வந்து போகிறார்கள். வரும்போது நிறைந்த பெட்டி, திரும்பும்போது மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் ஒடியலும் போக இடம் இருக்கும். நாலு கேம் பெட்டி அதற்குள் அடங்கும். இலண்டனிலோ ஜேர்மனியிலோ இருக்கும் அக்காவோ மச்சானோ அங்கிருந்து விற்றால் உள்நாட்டுத் தபால், மூன்று நாளில் போய்ச்சேரும், வாங்குபவர் இறக்குமதி வரி கட்டத் தேவையில்லை. அதோடு ஈபே ஜேர்மனியில் 2023 மார்ச்சிலிருந்தும், இங்கிலாந்தில் 2024 ஒக்டோபரிலிருந்தும் அந்தந்த நாட்டுத் தனிநபர் விற்பனையாளரிடம் விற்பனைக் கட்டணம் எடுப்பதில்லை. மேலே எழுதிய 5 பவுண் அப்படியே மிஞ்சும்.

ஆனால் உறவென்று சும்மா ஏற்றிவிடாதீர்கள். அவர்களுக்கு இது வேலை முடிந்து வந்த களைப்பில் செய்யும் வேலை. நீங்களே இங்கே படம் எடுத்து, விவரம் எழுதி, ஆரம்ப விலை குறித்து, ஒவ்வொரு பெட்டியையும் பொதி கட்டத் தயாராகக் கொடுங்கள். அவர்களுக்கு எத்தனை பங்கு என்பதைப் பெட்டி கட்டும் முன்னே வாய்விட்டுக் கதைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மூன்றில் ஒன்று அக்காவுக்கு. கணக்கை ஒரு கொப்பியில் எழுதுகிறோம், இதுவரை ஒரு சொல் மாறிக் கதைக்கவில்லை.

படமும் விவரமும்

காலை எட்டு மணி போல விறாந்தையில் வெயில் நேரே படாத வெளிச்சம் இருக்கும். வெள்ளைக் கடதாசி விரித்து அதில் வைத்து எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம், முதுகு, கையேடு, சீடியின் இரண்டு பக்கம், நடு வளையம், மொழிப் பக்கம். சீடியின் அடியைச் சாய்த்துப் பிடித்துக் கீறல்கள் தெரியும்படி எடுங்கள். கீறலை மறைக்கும் கோணத்தைத் தேடுகிற கை நம் எல்லோருக்கும் உண்டு, அதற்கு எதிராகப் பழகவேண்டும். சேகரிப்பவர் கீறலைப் பார்த்து ஓடுவதில்லை. அடிப்பக்கத்தைக் காட்டாத படத்தைப் பார்த்துத்தான் ஓடுவார். இணையத்தில் கிடைக்கும் படத்தை எடுத்துப் போடவே கூடாது.

தலைப்புக்கு 80 எழுத்து இடம் உண்டு. 'அருமை', 'அரிது' என்று நிரப்பாமல் கேமின் முழுப் பெயர், கன்சோல், பால் அல்லது என்டிஎஸ்சி, மொழி, கையேடு உண்டா இல்லையா என்று எழுதுங்கள். மக்கள் தேடும் சொற்கள் இவைதான். விவரத்தில் குறையை முதல் வரியில் வையுங்கள். 'கவரின் வலது மூலையில் ஈரக்கறை, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதிய பெயர், சீடியில் மெல்லிய கீறல் மூன்று, இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தேன்' என்பது போலச் சிறு சிறு வாக்கியங்கள் போதும். அந்தப் பேனாப் பெயர் என் தம்பியுடையது, அழிக்கப் பார்த்திருந்தால் கடதாசி கிழிந்திருக்கும். அப்படியே விட்டு, அப்படியே எழுதினேன். ஏழு பேர் கேட்டார்கள்.

பொதியும் தபாற்கந்தோரும்

பெட்டிக்குள் சீடி கழன்று உருளாதபடி அதன் மேல் ஒரு மெல்லிய கடதாசியை மடித்து வைத்து மூடுங்கள். பெட்டியைப் பொலித்தீன் பையில் போட்டு ஒட்டுங்கள், மாரியில் இது கட்டாயம். அதன் மேல் பபிள் ராப் இரண்டு சுற்று, பிறகு காட்போட் பெட்டி. பிளேஸ்டேஷன் 1இன் பிளாஸ்டிக் பெட்டி அப்பளம் மாதிரி நொறுங்கும், அதற்கு மூன்று சுற்று. வெறும் கடித உறையில் எதையும் அனுப்பாதீர்கள்.

பொதியின் வாயை ஒட்டாமல், டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தபாற்கந்தோருக்குப் போங்கள், உள்ளே என்ன என்று பார்க்கக் கேட்பார்கள். வெளிநாட்டுக்குச் சிறு பொதியாக 2 கிலோ வரை அனுப்பலாம். பதிவுத் தபாலில்தான் அனுப்பவேண்டும். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இலங்கையின் இரண்டு எழுத்து என்று வரும் இலக்கத்தை வாங்கி, அன்றே ஏலத் தளத்தில் பதிந்துவிடுங்கள். சிஎன்22 என்ற சுங்கப் படிவத்தில் 'பாவித்த வீடியோ கேம்', எடை, விற்ற விலை ஆகியவற்றை உள்ளபடி எழுதுங்கள். சிலர் 'அன்பளிப்பு என்று போடுங்கள்' என்று கேட்பார்கள். முடியாது என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

வரி விஷயம் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்துக்கு 135 பவுண் வரையும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 150 யூரோ வரையும் உள்ள பொருளுக்கு ஏலத் தளமே வாங்குபவரிடம் வரியை எடுத்துவிடும். ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது ஓர்டர் விவரத்தில், வரி ஏற்கெனவே எடுத்தாயிற்று என்பதைக் காட்டும் ஐஓஎஸ்எஸ் இலக்கம் ஒன்று தருவார்கள். அதைப் படிவத்தில் சேர்க்காவிட்டால் வாங்குபவரிடம் இரண்டாம் முறை வரி கேட்பார்கள், கோபம் உங்கள் மேல் வரும். அமெரிக்கா 800 டொலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த வரிவிலக்கை 2025 ஓகஸ்ட் 29இல் எல்லா நாட்டுக்கும் நிறுத்திவிட்டது. அங்கே அனுப்புவதென்றால் ஏலம் போடுவதற்கு முன்பே தபாற்கந்தோரில் நிலவரம் கேளுங்கள். தொடக்கத்தில் அமெரிக்காவை விலக்கி வைப்பது நல்லது. லிதியம் பற்றரி உள்ள கையடக்கக் கன்சோல்களுக்கும் விமானத் தபாலில் கட்டுப்பாடு உண்டு, கவுண்டரில் கேட்காமல் அவற்றை ஏலத்தில் போடாதீர்கள்.

பொதி போன பிறகு வாங்கியவருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: இன்று அனுப்பினேன், இலக்கம் இது, இலங்கையிலிருந்து வருவதால் சில வாரம் எடுக்கலாம். இந்த இரண்டு வரியை எழுதாமல் விட்டால் பத்தாம் நாள் 'எங்கே என் பொருள்' என்று முறைப்பாடு வரும். தபாற்கந்தோர் தந்த பற்றுச்சீட்டைப் படம் எடுத்துவிட்டு, தாளையும் ஒரு கோப்பில் வையுங்கள். அந்த மை நம் ஊர் வெக்கையில் இரண்டு மாதத்தில் மங்கிவிடும், படம் மங்காது.